“நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா!”

ஆறு, ஏழு, எட்டு. பள்ளி வாழ்க்கையில் யாரும் பெரிதாகப் பேசாத மூன்று வகுப்புகள் இவை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை வாசல்வரை கொண்டுபோய் விடுகிறோம். பத்தாம் வகுப்பு வந்தால் வீட்டில் கேபிள் கனெக்‌ஷனையே துண்டிக்கிறோம். இடைப்பட்ட காலத்தில் குரல் உடைகிறது, முகத்தில் பரு வருகிறது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்த வாய் மூடிக்கொள்கிறது. பெற்றோர் பள்ளிப் பக்கம் போவது குறைவதும் சரியாக அப்போதுதான். எப்போதாவது நடக்கும் ‘பேரன்ட்ஸ் மீட்டிங்’ ஒன்றுதான் மிச்சம். அதையும் வீணாக்குவதற்கென்றே சில நம்பிக்கைகள் வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து அவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம்.

நம்பிக்கை: ஸ்கூலில் கூப்பிட்டால் பிள்ளை ஏதோ தப்பு செய்திருக்கிறது.

இந்த பயம் பள்ளிகள் வளர்த்த பயம். “அப்பா வந்தாதான் கிளாஸுக்குள்ள விடுவேன்” என்று சொல்லிச் சொல்லி, சந்திப்பையே தண்டனைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சட்டம் அதை ஆசிரியரின் கடமைப் பட்டியலில் வைத்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துவது இது. “உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லம்மா, போயிட்டு வாங்க” என்று அரை நிமிடத்தில் அனுப்பப்படும் முதல் ரேங்க் மாணவியின் அம்மாவுக்கும் அந்தத் தகவல் கிடைத்தாக வேண்டும். அமைதியாக நன்றாகப் படிக்கும் பெண்ணைப் பற்றித்தான் பல வகுப்புகளில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

நம்பிக்கை: மார்க்கைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் பேச்சு.

மார்க்கை ஒழுங்காகப் பார்த்தாலே நல்லதுதான். முப்பருவ முறை உள்ள வகுப்புகளில் ஒரு பாடத்தின் 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. முதலாவது செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் பருவம் நெடுக வழங்கப்படுவது, இரண்டாவது பருவ இறுதித் தேர்வு. 40க்கு 38, 60க்கு 24 வாங்கிய பிள்ளையும், 40க்கு 20, 60க்கு 42 வாங்கிய பிள்ளையும் கூட்டுத்தொகையில் ஒன்றுதான், 62. ஆனால் இருவரின் கதையும் வேறு. முன்னவர் வகுப்பில் உற்சாகமாக இருந்து பரீட்சைத் தாளில் தடுமாறுகிறவராக இருக்கலாம். அல்லது வளரறி மதிப்பெண்ணை அள்ளிப் போட்டிருக்கலாம், அதுவும் நடக்கிறது. பின்னவருக்குப் பாடம் தெரிகிறது, செயல்பாட்டில் மனமில்லை.

ஆகவே ரிப்போர்ட் கார்டோடு விடைத்தாளையும் கேட்டு வாங்குங்கள். ஏழாம் வகுப்பு அறிவியலில் குறைவு என்றால் எந்தக் கேள்வியில் குறைந்தது என்று பாருங்கள். கோடிட்ட இடமெல்லாம் சரியாக இருந்து, நான்கு வரி கொண்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் இல்லையென்றால், சிக்கல் அறிவியலில் இல்லாமல் வாசிப்பில் இருக்கக்கூடும். கேள்வியையே படித்து முடிக்க முடியாத பிள்ளையை அறிவியல் டியூஷனுக்கு அனுப்பி என்ன பயன்? கணக்கும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் எண்ணுக்குப் பதில் எழுத்து வந்து உட்காரும்போது குழம்புவது பல பிள்ளைகளுக்கு இயல்பு. ஆனால் எட்டாம் வகுப்பில் தப்பாகும் கணக்கின் வேர் ஐந்தாம் வகுப்புப் பின்னத்தில் கிடக்கலாம். அதைச் சொல்லக்கூடியவர் பாட ஆசிரியர். அவர் மனத்தில் இதெல்லாம் தயாராக இருக்காது. நீங்கள் தாளை நீட்டிக் கேட்டால் யோசிப்பார்.

நம்பிக்கை: வாத்தியாருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?

தெரியும். ஐந்தாம் வகுப்புவரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருந்தார். ஆறாம் வகுப்புக்குப் பிறகு கணக்கு சாருக்கு உங்கள் மகன் ஒரு பீரியடுக்கு மட்டும் சொந்தம், அந்த பீரியடிலும் அவனோடு நிறையப் பேர். சட்டத்தின் அட்டவணைப்படியே இந்த வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் கணக்கு. தாத்தா இறந்தது, வீடு மாறியது, அப்பா வெளிநாடு போனது, பெண் வயதுக்கு வந்தது, ராத்திரி ஒரு மணிவரை போன் ஓடுவது, ‘தலை வலிக்குது’ என்று அடிக்கடி சொல்வது எதுவும் வகுப்பறைக்குள் தானாக வந்து சேராது. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். கிட்டப்பார்வைக் குறை பல பிள்ளைகளுக்கு இந்த வயதில்தான் தெரிய வருகிறது. “கரும்பலகையைப் பார்த்து எழுதாம பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுறான்” என்று டீச்சரும், “டிவிக்குப் பக்கத்துல போய் உட்காருறான்” என்று அம்மாவும் ஒரே இடத்தில் சொன்னால்தான் கண்ணாடி வரும். தனித்தனியாகச் சொன்னால் முன்னது சோம்பேறித்தனம், பின்னது டிவி பைத்தியம்.

நம்பிக்கை: “கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்” என்பது ஆசிரியருக்குக் காட்டும் மரியாதை.

தலைமுறை தலைமுறையாக இந்த வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது, சிரிப்போடும் கொஞ்சம் பெருமையோடும். இதைச் சொல்கிற அப்பா கொடுமைக்காரர் இல்லை. தனக்குப் படிப்பு வரவில்லை, பிள்ளைக்காவது வரட்டும் என்ற ஆதங்கத்தை வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அதில் நிஜமான மரியாதையும் இருக்கிறது. ஆனால் அவர் கொடுக்கும் அனுமதியைக் கொடுக்க அவருக்கே உரிமை கிடையாது. உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது; மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை உண்டு. பெற்றோர் சம்மதித்தார் என்பது அங்கே செல்லாது.

சட்டத்தைக்கூட விடுங்கள். பக்கத்தில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையன் அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பள்ளியில் யாராவது அடித்தாலோ, வேறு விதமாகத் தொந்தரவு செய்தாலோ வீட்டில் போய்ச் சொல்லலாம் என்ற வழி அந்த நொடியில் அடைபடுகிறது. அப்பா ஏற்கெனவே எந்தப் பக்கம் என்று அறிவித்துவிட்டார். இந்த வயதில் அதைவிடப் பெரிய இழப்பு எனக்குத் தோன்றவில்லை. அதே ஆதங்கத்தை “இவன் எதுல கஷ்டப்படுறான் சார்? வீட்ல நாங்க என்ன செய்யணும்?” என்று கேட்டால் மரியாதை ஒரு துளியும் குறையாது. சங்கடமான புகார் இருந்தால் வரிசையில் வைத்துப் பேசாமல் தனியாக நேரம் கேளுங்கள். பள்ளியில் தீராவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098உம் இருக்கின்றன.

நம்பிக்கை: பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளை எதற்கு?

இப்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. பிள்ளை வெளியே நிற்கிறது, இல்லையென்றால் உள்ளே குற்றவாளியாக நிற்கிறது. ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியர், பெற்றோர், மாணவர் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் சந்திப்பு வழக்கமான ஒன்று. அங்கே மாணவருக்கும் நாற்காலி உண்டு. நம் பள்ளிகளில் அதற்கு யாரும் தடை போடவில்லை. முதல் நாள் இரவே, “மிஸ் என்ன சொல்வாங்கன்னு நினைக்கிற? நீ என்ன சொல்லணும்?” என்று கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். பிள்ளையின் பதிலில் பாதிக் கூட்டம் முடிந்துவிடும். சில விஷயங்களைப் பிள்ளை இல்லாமல்தான் பேச முடியும். அதற்குக் கடைசி இரண்டு நிமிடம் போதும்.

நம்பிக்கை: படிக்காத நாங்கள் போய் என்ன கேட்பது?

நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நடுநிலைப் பள்ளிப் பெற்றோரின் ஈடுபாடு பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்டார்கள். பிள்ளையின் படிப்போடு வலுவாகத் தொடர்புடையதாக அவர்கள் கண்டது, படிப்பின் அருமையைப் பேசுவது, எதிர்பார்ப்பைத் தெரிவிப்பது, எதிர்காலத்தைச் சேர்ந்து யோசிப்பது போன்றவை. வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்து உதவுவதற்கு அந்த வலு இல்லை. அது அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் இயற்கணிதம் தெரியாத அம்மா கூச்சப்பட வேண்டியதில்லை என்பதற்கு அது போதும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் அவரை நிற்க வைத்துப் பேசுவதுதான் கூச்சப்பட வேண்டிய விஷயம்.

நம்பிக்கை: எட்டாவதுவரை ஃபெயில் கிடையாது, அவசரமென்ன?

கல்வி உரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது, தமிழ்நாடு தொடர்ந்து தேர்ச்சி முறையையே வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று தெரியும் ஓட்டை ஆறாம் வகுப்பிலேயே விழுந்திருக்கும். நிறுத்திவைக்கும் பயம் இல்லாத இந்த மூன்று ஆண்டுகளில் பேசாமல் எப்போது பேசுவது?

பள்ளிகளுக்கும் ஒரு கணக்கு. இரண்டு மணி நேரத்தில் 35 பெற்றோர் என்றால் ஆளுக்கு மூன்றரை நிமிடம்கூடத் தேறாது. குறித்த நேரம் கொடுத்து இரண்டு நாளாகப் பிரிக்கலாம், அதில் ஒன்றை வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் வைக்கலாம். கட்டணப் பாக்கியை அந்த மேசையில் பேசாதீர்கள். கழிப்பறை, குடிநீர், கட்டடம் போன்றவற்றைப் பேச அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான்.

நம்பிக்கை: கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

டைரியில் இரண்டு வரி எழுதிக்கொண்டு எழுந்திருங்கள். பள்ளி என்ன செய்யும், வீடு என்ன செய்யும். “வாரம் இரண்டு நாள் மதிய இடைவேளையில் பின்னக் கணக்கு, சார்; தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிப்பு, அம்மா.” மூன்று வாரம் கழித்து ஒரு தேதியையும் எழுதி, அன்றைக்கு ஒரு போன் போடுங்கள்.