நிழலும் கோணமும்

1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் திடலில் இலங்கை அணிக்காகப் பந்துவீசிய முத்தையா முரளிதரனை, நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை 'நோபால்' என்று அறிவித்தார். பந்தை வீசாமல் எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. கண்டியில் பிறந்த அத்தமிழ் இளைஞரின் ஆட்ட வாழ்வே கேள்விக்குள்ளாயிற்று. தொலைக்காட்சியில் அக்காட்சியை மீண்டும் மீண்டும் கண்டவர்களும் இரு பக்கமாகப் பிரிந்தனர். படம் ஒன்று, தீர்ப்போ இரண்டு.

முழங்கை வளைந்திருப்பது கிரிக்கெட்டில் குற்றமன்று. கை தோள் மட்டத்திற்கு உயர்ந்தது முதல் பந்து விரலை விட்டு நீங்கும் வரை, அவ்வளைவு நிமிரக் கூடாது என்பதே விதி. முரளிதரனின் முழங்கையோ பிறவியிலேயே முழுமையாக நீளாதது. எனவே கை வளைந்திருந்ததா என்பதன்று, வளைவு மாறியதா என்பதே வினா. இதற்கு விடையளிக்கக் காணொளியால் இயலவில்லை.

காரணம் இரண்டு. அந்நாளைய தொலைக்காட்சிப் படக்கருவி நொடிக்கு 25 படங்களையே பதிவுசெய்தது. கை சுழலும் அக்கணமோ ஏறத்தாழப் பத்தில் ஒரு நொடி. அதற்குள் கிடைப்பவை இரண்டு மூன்று படங்களே. மற்றொரு காரணம் இன்னும் நுட்பமானது. வளைந்த கம்பித்துண்டு ஒன்றைக் கட்டுமாவடிக் கடற்கரையில் வெயிலில் பிடித்து, மாணவர் ஒருவர் மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். மணலில் விழும் நிழல் ஒரு நேரம் வளைந்தும் ஒரு நேரம் நேராகவும் தோன்றும். கம்பியின் கோணமோ இம்மியும் மாறியிராது. ஒற்றைப் படக்கருவி தருவதும் அத்தகைய நிழலே. முப்பரிமாணச் சுழற்சி தட்டையான திரையில் விழும்போது, மாறாத வளைவும் நிமிர்வதுபோல் கண்ணை ஏமாற்றும்.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் இச்சிக்கலை அளவீட்டால் அணுகியது. தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றில் ஒளி எதிரொளிக்கும் சிறு குறிகள் ஒட்டப்படும். சுற்றிலும் நிற்கும் அகச்சிவப்புப் படக்கருவிகள் ஒவ்வொரு குறியின் இருப்பிடத்தையும் நொடிக்கு 200 முறைக்கு மேல் பதிவுசெய்யும். அவ்வெண்களிலிருந்து முழங்கையின் கோணம் கணந்தோறும் கணக்கிடப்படும். கோல்ஃப் ஆட்டக்காரரின் மட்டைச் சுழற்சியை ஆராய்வதற்கும் இம்முறை பயன்படுகிறது.

அளவீடு எவருக்கும் வேண்டியவரன்று. 1996இல் முரளிதரனுக்கு ஆதரவாக அமைந்த ஆய்வே, 2004இல் அவருடைய 'தூஸ்ரா' பந்தின்போது முழங்கை சராசரியாக 14 பாகை நிமிர்வதைக் காட்டியது. சுழற்பந்துக்கு அன்றிருந்த வரம்பு 5 பாகை. ஆயினும் பிற வீச்சாளர்களையும் அளந்தபோது, ஐயத்திற்கு இடமற்றவர் எனக் கருதப்பட்ட பலரின் முழங்கைகளும் அன்றைய வரம்புகளைத் தாண்டி நிமிர்வது தெரியவந்தது. வெறுங்கண்ணால் உணர முடியாததால் அவை குற்றமாகத் தோன்றவில்லை. 2005இல் அனைவருக்கும் 15 பாகை என்ற பொது வரம்பு நடைமுறைக்கு வந்தது. முரளிதரன் 2010இல் 800 விக்கெட்டுகளுடன் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார்.

இதனால் காணொளி வீணாகிவிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் வேண்டுமென்றே கையை அடக்கி வீசக்கூடும்; அதை எண்கள் மட்டும் வெளிப்படுத்தா. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் விளையாட்டு அறிவியல் மையம், பன்னாட்டு கிரிக்கெட் கழகத்தின் ஏற்பைப் பெற்ற சோதனைக்கூடங்களுள் ஒன்று. இத்தகைய சோதனைகளில் வீச்சாளரின் ஆய்வுக்கூட வீச்சு, ஆட்டத்தின்போது எடுக்கப்பட்ட காணொளியோடு ஒப்பிடப்படுகிறது. இரண்டும் ஒரே வீச்சுத்தானா என்பதை அங்கே கண்தான் முடிவுசெய்கிறது.