கார் மேல் விழுந்த எச்சம்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் நடக்கும்போது சற்று மேலே பாருங்கள். கோபுர மாடங்களில் புறாக்கள் குடியிருக்கின்றன. மரக்கிளைகளில் காகங்களும் மைனாக்களும் கூச்சலிடுகின்றன. ஊர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவு ஆதலால், மாலையில் கொக்குகளும் கூட்டமாகப் பறந்து செல்கின்றன.

கீழே, வெளியூரிலிருந்து வந்த வாடகைக் கார் ஒன்று நிழல் தேடி மரத்தடியில் நிற்கிறது. அதன் கூரையில் வெள்ளையும் கறுப்புமாகப் பறவை எச்சம் விழுந்து காய்ந்திருக்கிறது. ஓட்டுநர் உலர்ந்த துணி ஒன்றை எடுத்து அழுத்தித் தேய்க்கிறார். எச்சம் போய்விடுகிறது. ஆனால் அந்த இடத்தில் மங்கலான ஒரு தழும்பு நின்றுவிடுகிறது. அந்தக் காரை வைத்துப் பிழைப்பவருக்கு இது சிறிய இழப்பன்று. மறுபடி வண்ணம் அடிக்க ஆகும் செலவு அவருடைய பல நாள் வருமானத்தை விழுங்கிவிடும்.

இந்தத் தழும்பை உண்டாக்கியது பறவையா, வெயிலா, துணியா? ஆராய்ந்து பார்ப்போம்.

எச்சம் ஏன் வெள்ளையாக இருக்கிறது?

நம் உடலில் புரதம் சிதையும்போது உண்டாகும் நைட்ரஜன் கழிவு, யூரியாவாக மாறிச் சிறுநீரில் கரைந்து வெளியேறுகிறது. இதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். பறக்கும் உயிரினம் அவ்வளவு தண்ணீரைச் சுமக்க முடியுமா? ஆகவே பறவைகள் அந்தக் கழிவை யூரிக் அமிலமாகவும் அதன் உப்புகளாகவும் மாற்றி, கூழ் போல வெளியேற்றுகின்றன. எச்சத்தின் வெள்ளைப் பகுதி இதுதான். நடுவில் உள்ள கறுப்புப் பகுதி மலம். இரண்டும் பொதுக்கழிவுப் புழை என்னும் ஒரே வழியாக வெளிவருகின்றன.

'அமிலம்' என்றவுடன், 'அதுதான் வண்ணத்தை அரித்துவிட்டது' என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். யூரிக் அமிலம், காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்தைக் காட்டிலும் வலிமை குறைந்தது. தண்ணீரில் அது கரைவதும் அரிது. 1 கிராம் யூரிக் அமிலத்தைக் கரைக்கச் சுமார் 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆகவே பழி முழுவதையும் அதன் மேல் போடுவது சரியாகாது.

உண்மையான குற்றவாளிகள்

காரின் இரும்புத் தகட்டின் மேல் வண்ணம் பல படலங்களாகப் பூசப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற, பளபளப்பான ஒரு காப்புப் படலம் இருக்கிறது. இதன் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது உங்கள் தலைமுடியின் தடிப்பைவிட இது குறைவு! இந்த மெல்லிய படலத்துக்கு மூன்று பகைவர்கள் உள்ளனர்.

முதலாவது, நொதிகள். பறவையின் குடலில் உணவைச் செரிக்கச் செய்த நொதிகள் எச்சத்திலும் எஞ்சியிருக்கின்றன. மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் பிளக்கும் இவை, காப்புப் படலத்தில் உள்ள சில வேதிப் பிணைப்புகளையும் ஈரத்தின் துணையுடன் பிளக்கின்றன. ஈரான் நாட்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதை எடுத்துக்காட்டின. எச்சத்துக்குப் பதிலாகக் கணைய நொதிகள் கலந்த கரைசலைப் பூசியபோதும் அதே போன்ற சேதம் காணப்பட்டது.

இரண்டாவது, வெயில். திருச்சியின் கோடையில் நிழலிலேயே வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தொடுவதுண்டு. வெயிலில் நிற்கும் காரின் கூரையோ கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. சூட்டில் காப்புப் படலம் விரிந்து மென்மையாகிறது. நொதிகளின் வேலையும் வேகமடைகிறது. எச்சம் காய்ந்து இறுகுகிறது. இரவில் படலம் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் வடிவத்துக்கு ஏற்பப் படிந்து, அரக்கில் பதிந்த முத்திரை போல் மேடுபள்ளமாகிவிடுகிறது. மேடுபள்ளமான பரப்பு ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கும். அந்த இடம் மங்கித் தெரிவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, மணல். புறா போன்ற பறவைகள் தானியத்தை அரைப்பதற்காகச் சிறு கற்களையும் மணலையும் விழுங்குகின்றன. அவற்றில் சில துகள்கள் எச்சத்திலும் வரும். காய்ந்த எச்சத்தைத் துணியால் தேய்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

அகற்றும் முறை

1. காரை நிழலுக்குக் கொண்டு வந்து, தகடு ஆறும் வரை காத்திருங்கள்.

2. ஈரத்துணியை எச்சத்தின் மேல் போட்டு 10 நிமிடம் ஊறவிடுங்கள். துணி காய்ந்தால் மறுபடி நனையுங்கள்.

3. தேய்க்காமல், துணியை ஒற்றி மேல்நோக்கி எடுங்கள். மிச்சமிருந்தால் மறுபடி ஊறவையுங்கள்.

4. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

'யூரிக் அமிலம் தண்ணீரில் கரையாதே, ஊறவைத்து என்ன பயன்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கே தண்ணீர் அதைக் கரைப்பதில்லை. துகள்களைப் பசை போலப் பிணைத்திருக்கும் கோழைப் பொருளை இளக்குகிறது. பிடி தளர்ந்ததும் துகள்கள் துணியோடு வந்துவிடுகின்றன.

கத்தி, தேங்காய் நார், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. முன்னிரண்டும் கீறும். பின்னிரண்டும் பளபளப்பைக் கெடுக்கலாம். தீ விபத்துக்கும் இடம் தரும். முன்கூட்டியே மெழுகுப் பாலிஷ் பூசிய காரில் எச்சம் அவ்வளவு எளிதில் ஒட்டாது. தழும்பு விழுந்துவிட்டால், பட்டறையில் மெருகுப் பசையால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் படலம் தேய்ந்துபோகும் என்பதை மறவாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: காய்ந்த புறா எச்சத்தின் தூளில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கக்கூடும். ஈரப்படுத்திவிட்டால் தூள் பறக்காது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

செய்து பாருங்கள்

வண்ணம் பூசிய பழைய பிஸ்கட் தகரப்பெட்டியின் மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான அரிசிக் கஞ்சியில் ஒரு சிட்டிகை ஆற்று மணலைக் கலந்து, மூடியில் இரண்டு இடங்களில் பூசி வெயிலில் காயவையுங்கள். ஒன்றை உலர்ந்த துணியால் தேய்த்து எடுங்கள். மற்றொன்றை 10 நிமிடம் ஈரத்துணியால் மூடி, ஒற்றி எடுங்கள். இரண்டு இடங்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. காரைக் கெடுக்கும் இதே எச்சம் வயலுக்குச் சிறந்த உரம். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிரைச் செழிக்கச் செய்வதைக் கண்ட மக்கள், தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்திருக்கின்றனர். எனவே காரின் மேல் கறை விழுந்தால் கல்லெடுத்துப் பறவையை விரட்ட வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீரும் பத்து நிமிடப் பொறுமையும் போதும்.