ரீசார்ஜில் தொடங்கும் வரிப் பாடம்

மேல்நிலை வகுப்பில் வணிகவியல் நடத்துகிறவன் நான். பிள்ளைகளுக்கு வரியைச் சொல்லித்தர வேண்டுமென்றால் வருமான வரியில் தொடங்கவே கூடாது. சம்பளம் வாங்காத வயதில் அது பெரியவர்கள் சங்கதி. காதில் ஏறாது.

செல்போன் ரீசார்ஜில் தொடங்குங்கள். 299 ரூபாய் ரீசார்ஜில் அரசுக்குப் போவது எவ்வளவு? ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று சொன்ன உடனே, 299-க்கு 18 சதவீதம் போட்டு 53 ரூபாய் 82 காசு என்பார்கள். அது சரியில்லை. அந்த 299-க்குள்ளேயே வரியும் அடக்கம். 118 ரூபாய் கொடுத்தால் அதில் 18 ரூபாய் வரி. அதே கணக்கில் பார்த்தால் 45 ரூபாய் 61 காசு. இதை நாமே கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடக் கூடாது. நேரமானாலும் அவர்களே வந்து சேரட்டும். பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு என்பதை மட்டும் பிறகு சொன்னால் போதும்.

"அப்போ நாங்களும் வரி கட்டுறோமா சார்?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வரி கட்டுகிறவர்கள் வேறு, அரசின் சலுகையில் வாழ்கிறவர்கள் வேறு என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். சோப்பும் பற்பசையும் வாங்குகிற எந்த வீடும் வரி கட்டுகிற வீடுதான். இது தெரியாமல் ஒரு பிள்ளைகூடப் பள்ளியைவிட்டுப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

இதற்குப் பிறகுதான் வருமான வரி. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். சம்பளம் கூடி அடுத்த ஸ்லாபுக்குப் போனால் மொத்தத் தொகைக்கும் அந்த வரிதான் என்று படித்த பெரியவர்களே நம்புகிறார்கள். வரிசையாகக் குடங்களை வரைந்து காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். முதல் குடம் நிரம்பி வழிந்தால்தான் அடுத்ததில் தண்ணீர். ஒவ்வொரு குடத்துக்கும் தனி விகிதம். வரிக்குரிய வருமானம் 15 லட்சம் என்றால் 20,000, 40,000, 45,000 என மொத்தம் 1,05,000 ரூபாய். அதன்மேல் 4 சதவீதம் செஸ், 4,200. ஸ்லாப் 15 சதவீதம் என்றாலும், மொத்த வருமானத்தில் வரியாகப் போவது 7 சதவீதத்துக்குச் சற்று மேல்தான்.

12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு, வரி பூஜ்யம் என்று சொன்னதும் ஒரு மாணவன் எழுந்தான். "12 லட்சத்து 10 ஆயிரம்னா என்ன சார் ஆகும்?" எல்லோரையும் போடச் சொன்னேன். ஸ்லாப்படி 61,500 ரூபாய். பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு அறுபதாயிரத்துக்கு மேல் வரியா என்று வகுப்பே கொதித்தது. சட்டம் இதை யோசித்துத்தான் வைத்திருக்கிறது: அதிகப்படியாக வந்த 10,000-க்கு மேல் வரி போகாது, செஸ் மட்டும் தனி. மார்ஜினல் ரிலீஃப் என்பார்கள். "அப்போ அந்தப் பத்தாயிரமும் போச்சே சார்!" என்றான் அவன். அது நியாயமா என்று அவர்களையே விவாதிக்க விட்டேன். அந்த விவாதத்துக்கு ஒரு பீரியடையே கொடுக்கலாம், தகும்.

செலவுப் பக்கத்துக்கு எனக்குக் கைகொடுப்பது நூறு காசுக் கணக்கு. மத்திய அரசிடம் ஒரு ரூபாய் இருந்தால் எதற்கு எத்தனை காசு போகும் என்று முதலில் அவர்களே ஊகித்து எழுத வேண்டும். பலரும் ராணுவத்துக்கு அள்ளிக் கொடுப்பார்கள், வட்டி என்ற தலைப்பே யாருக்கும் தோன்றாது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 8 காசு, வட்டிக்கு 20 காசு, மாநிலங்களின் வரிப்பங்கு 22 காசு. வரவில் வருமான வரி 22 காசு, கடன் 24 காசு. இந்தக் கடன் கணக்கைப் பார்த்த பிறகு வட்டியை யாரும் மறக்க மாட்டார்கள்.

மாநிலப் பங்கைத் தொட்டதும் அரசியல் வரும். வரட்டும். மத்திய வரிகளில் 15-வது நிதிக்குழு மாநிலங்களுக்கு ஒதுக்கியது 41 சதவீதம், அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம்; செஸ், சர்சார்ஜ் இந்தப் பங்கீட்டில் சேராது. நிறையக் கட்டுகிறோம், குறைவாக வருகிறது என்பார்கள் சிலர். ஏழை மாநிலங்களுக்கு யார் கொடுப்பது என்பார்கள் வேறு சிலர். என் வகுப்பில் ஒரே விதி: கட்சிப் பெயர் சொல்லலாம், ஆனால் அதற்கு முன் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். காலை உணவுத் திட்டமோ மகளிர் கட்டணமில்லாப் பேருந்தோ, எதைப் பேசினாலும் அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று தேடிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

கிராமத்துப் பிள்ளைகள் என்றால் கிராம சபைக்கு அனுப்புங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் சபையில் ஊராட்சியின் வரவு செலவு வைக்கப்படும். வீட்டு வரி எவ்வளவு வசூலானது, தெருவிளக்குக்கு எவ்வளவு போனது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, அதில் ஒன்றையாவது எழுந்து கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.