செங்கல் தூளும் பல்லும்

சூளையில் எல்லாருக்கும் அவர் பெரியம்மாதான். வயது ஐம்பது. ஆறு மாதமாக அவரால் பச்சைத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பட்டதும் பல் சுரீர் என்கிறது. கஞ்சியைக்கூட வலப் பக்கமாகவே மென்று விழுங்கினார்.

"பூச்சி அரிச்சிருச்சு. மூணு பல்லையும் பிடுங்கிப் போடணும்" என்றார்.

"பிடுங்கினா மறுபடி முளைக்குமா அத்தை? முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றாள் மருமகள்.

இருவரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பல் டாக்டர் சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"பூச்சியும் இல்லை, சொத்தையும் இல்லைம்மா. எதை வச்சுப் பல் விளக்குறீங்க?"

"செங்கல் தூள்தான். சூளையில சும்மா கிடைக்குதே. அழுத்தித் தேய்ச்சாத்தான் விளக்கின மாதிரி இருக்கும்."

டாக்டர் கண்ணாடியில் காட்டினார். ஈறை ஒட்டி மூன்று பல்லிலும் வெட்டு. மரத்தில் கோடாலியால் கொத்தியது போல! பெரியம்மா நகத்தை வைத்தார். நகம் அதில் மாட்டியது.

பல்லின் மேல் வெள்ளை ஓடு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் எனாமல். அது எலும்பைவிடக் கடினமானது. கடைவாய்ப் பல்லின் முனையில் சுமார் 2 மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஈறை நெருங்க நெருங்க மெலிந்துவிடும். ஈறுக்குள் இருக்கும் வேருக்கு எனாமலே கிடையாது. அழுத்தித் தேய்த்தால் ஈறு விலகும். வேர் வெளியே தெரியும். செங்கல் தூள் அதை அரம் போல ராவும். வேரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியாகக் குளிர்ச்சி நரம்பை எட்டுகிறது. அதுதான் கூச்சம்.

புளிப்பும் எனாமலை இளக்கும். புளிப்பு தின்றதும் வாய் கொப்பளிக்கலாம். அரை மணி நேரம் கழித்தே பல் விளக்க வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல்லின் மேல்பக்கம் தேயும். அந்த அழுத்தத்தால் ஈறு ஓரத்திலும் பல் உடையும் என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள். மற்றவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

நம் நாட்டில் கரி, சாம்பல், மணல் எல்லாவற்றாலும் பல் விளக்குகிறார்கள். மராட்டியத்தில் மிசிரி. அது புகையிலையை வறுத்துப் பொடித்தது. வாய்ப் புற்றுநோய்க்கு வழி செய்வது. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்க 1992-ல் மத்திய அரசு தடை விதித்தது. வீட்டு அடுப்பில் வறுப்பதை யார் தடுப்பது?

"தேஞ்ச எனாமல் திரும்ப வளராதும்மா. ஆனா பிடுங்க வேண்டாம்" என்றார் டாக்டர். மூன்று வெட்டுகளையும் பல் நிறத்தில் அடைத்தார்.

"இனி மெத்தென்ற பிரஷ் வாங்குங்க. பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பிரஷ்ஷை உளி மாதிரிப் பிடிக்காதீங்க. பேனா மாதிரிப் பிடிங்க. அழுத்தம் தானா குறையும்."

"பேனாவா?" பெரியம்மா சிரித்தார். "போன வருஷம்தான் இரவு வகுப்புல அதைப் பிடிக்கப் படிச்சேன்."

வாசலில் பானைத் தண்ணீர் இருந்தது. ஒரு குவளை மொண்டு, இடப் பக்கமாக வைத்துப் பார்த்தார். பிறகு முழுவதையும் குடித்தார்.

எழுதிப் பழகுங்கள்: உங்கள் வீட்டில் யார் யார் எதை வைத்துப் பல் விளக்குகிறார்கள்?