எலெக்ட்ரான் பிணைப்பும் உலோகச் சேர்மத்தின் மீள்சக்தியும்

செம்பு முதலிய சாதாரண உலோகங்களைக் குளிர்வித்தால் அவை சற்று விறைப்படைகின்றன. தனிப்பூஜ்ய உஷ்ணநிலையை நெருங்குங்கால் அவற்றின் மீள்சக்தி ஏறக்குறைய மாறாமல் நின்றுவிடுகிறது. அருமண் உலோகமாகிய ஸீரியம், ருத்தேனியம், ஸிலிகான் ஆகிய மூன்றும் 1:2:2 என்னும் அணு விகிதத்தில் கூடிய சேர்மத்திலோ, அக்கடுங்குளிரிலும் மீள்சக்தி பெரிதும் மாறக்கூடும்.

ஸீரிய அணுவின் உள்ளடுக்கிலுள்ள ஓர் எலெக்ட்ரான் சாதாரண உஷ்ணநிலையில் அணுவைவிட்டு அகலாது, சிறு காந்தம்போல் இயங்குகிறது. சுமார் 20 கெல்வினுக்குக் கீழே அது மின்சாரத்தைக் கடத்தும் எலெக்ட்ரான்களோடு பிணைகிறது. அதன் பயனாக இவ்வெலெக்ட்ரான்கள் நூறு மடங்குக்கும் மேற்பட்ட நிறையுடையவைபோல் நடந்துகொள்கின்றன.

இப்பிணைப்பின் ஆற்றல் கன அளவைப் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்பதைக் குரூனைசன் எண் காட்டும். சாதாரண உலோகங்களில் அது சுமார் 2. இங்கு ஏறத்தாழ 200. அதாவது, படிகத்தின் கன அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கினால், பிணைப்பாற்றல் ஐந்தில் ஒரு பங்கு உயரும்.

மீள்சக்தியை அளக்கப் படிகத்தினூடே கேளா ஒலியைச் செலுத்துவர். ஒலி வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்க, மீள்சக்தி எண் கிட்டும். குளிர்ந்த படிகத்தின் முக்கிய அச்சின் வழியே சுமார் 8 டெஸ்லா காந்த மண்டலம் செயற்படும்போது ஒலியின் வேகம் வெகுவாகக் குறைகிறது. அவ்வளவைக் கடந்ததும் மீண்டும் உயர்கிறது. அந்நிலையில் காந்த ஆற்றல் பிணைப்பாற்றலுக்கு நிகராகிவிடுகிறது. ஆகவே ஒலியலை படிகத்தைச் சிறிது அமுக்கினாலும் எலெக்ட்ரான்களின் நிலை பெயர்ந்து, படிகம் இளகிக் கொடுக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத எலெக்ட்ரான்களின் போக்கை ஒலியின் வேகத்தைக்கொண்டே இவ்வாறு அறியலாகும்.