காவல் நாய்க்குத் தடுப்பூசி அவசியம்

முள்ளுக்குறிச்சி போன்ற கொல்லிமலை அடிவார ஊர்களில் ஆட்டுப்பட்டிக்குக் காவல் நாய்தான். பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களுக்கு உரிமம் தர வேண்டாமென மத்திய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் வெறிநோய் இனம் பார்த்து வருவதில்லை. பட்டி நாய்க்கும் வரும். நோய் கண்டபின் பிழைப்பது அரிது.

ஆகவே, குட்டிக்கு 3 மாத வயதில் தடுப்பூசியும், ஒரு மாதம் கழித்து மறு ஊசியும், பின் ஆண்டுதோறும் ஒன்றும் போட வேண்டும். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சியின் பொறுப்பு. கிராம சபையில் கேட்கலாம்.

கடிபட்டால் மஞ்சள், சுண்ணாம்பு தடவாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தவணையும் தவறக் கூடாது.