வழிவழி வந்த வித்து

பெற்றோர் தம் மக்களுக்கு விட்டுச் செல்லும் செல்வங்கள் பல. நிலம், மனை, பொன் முதலியவற்றை யாவரும் எண்ணிப் போற்றுவர். கைப்பிடிக்குள் அடங்கும் செல்வம் ஒன்றும் உண்டு. அதுவே வித்து. ஒரு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக விதைத்தும், விளைந்ததிலிருந்து மீண்டும் வித்தெடுத்தும் காத்துவருவதைப் பரம்பரை வித்து என்பர். அதன் இயல்பை விளக்கத் தக்காளி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. ஆங்கே காட்டுச் செடியாக இருந்ததன் வழிவந்த தக்காளியை மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடி மக்கள் பயிராக்கிப் பேணினர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். அங்குப் பலர் அதனை நச்சுக்கனி என்று அஞ்சி, அழகுக்காகவே நெடுங்காலம் வளர்த்தனர். பின்னர் ஐரோப்பியர் வழியே அஃது இந்தியாவிற்கு வந்தது. தமிழகத்தில் தக்காளி என்னும் பெயர் முன்னரே வேறொரு சிறு செடிக்கு வழங்கியதால், புதிதாக வந்ததைச் சீமைத் தக்காளி என்றனர். நாளடைவில் ‘சீமை’ என்னும் அடைமொழி மறைந்தது. தக்காளி அடுக்களையின் உரிமைப் பொருளாயிற்று.

ஓரிடத்தில் பல்லாண்டு விதைத்து, நல்லனவற்றையே தேர்ந்து வித்தெடுத்து வந்தால், அவ்வகை அவ்விடத்து மண்ணிற்கும் வெயிலுக்கும் இயைந்துவிடுகிறது. நாட்டுத் தக்காளி என்று மக்கள் கூறுவது இத்தகையதே. அன்னஞ்சி என்னும் நாட்டு வகையிலிருந்தே பி.கே.எம். 1 என்னும் பெயர்பெற்ற தக்காளி பெரியகுளத்தில் உருவாக்கப்பெற்றது. அன்னஞ்சியின் வித்தைக் காப்பார் இல்லாதிருந்தால், அதன் வழித்தோன்றலும் தோன்றியிராது.

கடைகளில் வீரிய ஒட்டு வித்தும் கிடைக்கிறது. இயல்பால் வேறுபட்ட இரு வகைகளைக் கலந்து அதனைத் தோற்றுவிக்கின்றனர். அதன் செடிகள் ஒருசீராக வளர்ந்து மிகுதியாகக் காய்க்கும். ஆயினும், அப்பழங்களின் வித்தை மறுபடியும் விதைத்தால் வரும் செடிகள் தாயை ஒத்திரா, பலவாறாக வேறுபடும். ஆதலின், பருவந்தோறும் புது வித்து வாங்க வேண்டும். பரம்பரை வித்தோ அவ்வாறன்று. தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் ஒன்றுகூடிக் கூம்பு போல் சூலகமுடியைச் சூழ்ந்துள்ளன. அதனால் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. வித்தும் தாயின் இயல்பை மாறாது தாங்குகிறது.

அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில் ஓட் என்னும் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து குடியேறியபோது, இளஞ்சிவப்புத் தக்காளி ஒன்றின் வித்தையும் உடன் கொண்டு வந்தனர். ஓட் தம் முதுமையில் அவ்வித்தைத் தம் பேத்தி டயானிடம் ஒப்படைத்தார். பின்னர் அம்முதியவர் காலமானார். அவ்வித்தைக் காக்கும் பொறுப்பு இனித் தம்முடையதே என்பதை டயான் உணர்ந்தார். இவ்வாறே எத்தனை வீடுகளில் எத்தனை வித்துகள் முதியோருடன் மறைந்துபோகுமோ என்னும் கவலை எழுந்தது. அவரும் அவர் கணவர் கென்ட் வீலியும் 1975-ஆம் ஆண்டில், வித்துகளைக் காத்து ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளும் கழகம் ஒன்றை நிறுவினர். ஒரு குடும்பத்தின் வித்து இவ்வாறு பல்லாயிரம் தோட்டங்களுக்கு வழிகாட்டிற்று.

இப்பணிக்குப் பெருநிலம் வேண்டுவதில்லை; கிணற்றடியில் நாலைந்து செடிகளுக்கு இடமிருந்தால் போதும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து நாற்றங்கால் அமைத்து, அரை அங்குல ஆழத்திற்கு மேற்படாமல் விதைத்தல் வேண்டும். பூவாளியால் மெல்ல நீர் தெளித்துவந்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளை தோன்றும். ஆனியில் விதைத்தால் ஆடியில் நாற்று நடவுக்கு ஏற்றதாகும். நாற்றை மாலை வேளையில், இரண்டு அடி இடைவெளி விட்டு நடுதல் நலம். தண்டின் அடிப்பகுதியையும் மண்ணுள் புதைக்கலாம்; அங்கிருந்தும் வேர்கள் கிளைத்துச் செடியை வலுப்படுத்தும். செடி வளர்ந்ததும் கொம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுதல் வேண்டும். நாள் பல காயவிட்டுப் பின் மிகுதியாக நீர் பாய்ச்சினால் பழங்கள் வெடிக்கும். அளவறிந்து வேரடியில் பாய்ச்சுவதே முறை.

வித்துக்கெனப் பழத்தை மட்டும் நோக்குதல் போதாது; செடியையும் நோக்குதல் வேண்டும். நோயற்று, நெடுநாள் நன்கு காய்க்கும் செடிகளில் நூல் கட்டி அடையாளம் செய்து, அவற்றின் பழங்களை முற்றப் பழுக்கவிடல் வேண்டும். பின்னர் வித்தைச் சாற்றுடன் ஒரு மண்கலத்தில் பிழிந்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவர். ஒவ்வொரு வித்தையும் வழவழப்பான கூழ் ஒன்று சூழ்ந்துள்ளது. பழத்தினுள்ளேயே வித்து முளைத்துவிடாமல் தடுப்பது அதுவே. புளித்தவுடன் அது கரைந்து நீங்கும். நீர் ஊற்றினால் பதர் மிதக்கும். நல்ல வித்து அடியில் தங்கும். அதனைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வகையின் பெயரையும் ஆண்டையும் குறித்து, ஈரம் புகாத கலத்தில் வைத்தல் வேண்டும். சுரைக்குடுக்கையில் சாம்பலிட்டு வித்துகளைக் காத்த பழந்தமிழ்க் குடும்பத்தாரும் ஈரமே வித்தின் பகை என்பதை நன்கு அறிந்திருந்தனர்.

எனினும், எத்துணை நன்றாகக் காப்பினும் சில ஆண்டுகளில் வித்தின் முளைப்புத் திறன் குன்றத் தொடங்கும். பொன்னைப் பூட்டி வைத்துக் காக்கலாம். வித்தை விதைத்தே காக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து அயலாருக்குக் கொடுத்தவர் அதனை இழப்பதில்லை. தம் செடி பட்டுப்போனாலும், அயலார் தோட்டத்தில் அது காய்த்துக்கொண்டிருக்கும்.